பூசினால் உள்ளே போகுமா? முழங்கால் நோவுக்குச் சிபிடியும் மற்றவையும்

பெரியம்மாவின் எழுபதாவது பிறந்தநாளுக்கு அண்ணி ஒரு சின்னப் போத்தல் வாங்கிக் கொடுத்தார். 50 கிராம் களிம்பு, அதில் 500 மில்லிகிராம் சிபிடி என்று மூடியில் போட்டிருந்தது. பெரியம்மா அதை மணந்து பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார்.

"தம்பி, இது கஞ்சா எல்லோ? பூசினால் வெறிக்குமோ?"

வெறிக்காது என்றேன். கஞ்சாச் செடியில் போதை தருவது டிஎச்சி. சிபிடி, அதாவது கனபிடையோல், அதே செடியில் இருக்கும் வேறொரு பொருள். இதுவரை சுலபம். அடுத்த கேள்விதான் என்னைப் பல நாட்கள் கட்டுரைகளுக்குள் அலைய வைத்தது.

"அப்ப நோவுக்குக் கேக்குமோ?"

கனடாவில் கஞ்சா 2018 அக்டோபர் 17 முதல் சட்டப்படி விற்பனையாகிறது. பூசும் வகைகளுக்கு அடுத்த வருடம் அதே நாளில் கதவு திறந்தது. இப்போது டொரொன்டோவின் ஸ்காபரோவில் சில தமிழ் வீடுகளின் மருந்துத் தட்டில் இலங்கைத் தைலமான சித்தாலேபவுக்கும் நோவெண்ணெய்க்கும் பக்கத்தில் சிபிடி களிம்பும் உட்கார்ந்திருக்கிறது. கடையில் களிம்பு, கிறீம், ஜெல், ஒட்டும் பட்டை, வாயில் விடும் எண்ணெய் என்று பல உருவங்கள். எதை எடுப்பது என்று முடிவு செய்ய மூடியில் உள்ள மில்லிகிராம் கணக்கு அவ்வளவாக உதவாது. அந்தப் பொருள் எங்கே போய்ச் சேர வேண்டும், அங்கே போக வழி இருக்கிறதா என்று பார்த்தால்தான் விஷயம் பிடிபடும்.

படலையடியில் நிற்கும் விருந்தாளி

தோலின் மேற்புற ஓடு, அதாவது இறந்த செல்கள் அடுக்கிய படலம், பெரும்பாலான இடங்களில் 10 முதல் 20 மைக்ரோமீட்டர் தடிப்புத்தான். தலைமயிரைவிட மெல்லியது. ஆனால் உடம்பில் நீர் தங்குவதும் வெளியில் உள்ளவை உள்ளே வராமல் இருப்பதும் இதனால்தான். தட்டையான செல்கள் செங்கல் மாதிரி. இடையில் செரமைடு, கொலஸ்ட்ரோல், கொழுப்பமிலங்கள் சாந்து மாதிரி. நீரில் மட்டும் கரையும் பொருள் இந்தக் கொழுப்புச் சாந்துக்குள் நுழைவது கடினம். கொழுப்பில் கரையும் பொருள் சட்டென்று நுழையும்.

சிபிடி கொழுப்பில் கரைவது. அப்படியானால் நல்லதுதானே என்று தோன்றும். அளவிலும் தடையில்லை: அதன் மூலக்கூற்று எடை 314. தோலைத் தாண்ட 500க்குக் கீழே இருக்க வேண்டும் என்று 2000ஆம் ஆண்டில் போஸ், மைனார்டி என்ற இருவர் எழுதிவைத்த விதி இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. அந்தப் பரீட்சையில் சிபிடி பாஸ்.

சிக்கல் அடுத்த அடியில். இறந்த ஓட்டுக்குக் கீழே இருப்பது உயிருள்ள தோல். அது நீர்ப்பாங்கான இடம். ஓட்டைத் தாண்டி அங்கே இறங்க, ஒரு பொருளுக்குக் கொழுப்போடும் ஒத்துப்போகத் தெரிய வேண்டும், நீரோடும் ஒத்துப்போகத் தெரிய வேண்டும். சிபிடிக்கு இரண்டாவது வராது. நீரைவிடக் கொழுப்பில் பத்து லட்சம் மடங்குக்கும் மேலாகக் கரையும் பிறவி அது. ஆகவே ஓட்டுக்குள் நுழைந்து அங்கேயே தங்கிவிடுகிறது. கலியாண வீட்டுக்கு வந்து படலையடியிலேயே நின்று கதைத்துக்கொண்டிருக்கும் சில பேர் உண்டு, பந்திக்குக் கூப்பிட்டாலும் உள்ளே வரமாட்டார்கள். அந்த ரகம்.

ஆய்வுகூடத்தில் இதைப் பார்க்க ஒரு கண்ணாடிக் கருவி இருக்கிறது, பிரான்ஸ் செல் என்று பெயர். சத்திரசிகிச்சையில் அகற்றிய மனிதத் தோலை இரண்டு அறைகளுக்கு நடுவே விரித்து, மேலே மருந்தைப் பூசி, கீழே உள்ள திரவத்தில் எவ்வளவு வந்து சேர்கிறது என்று மணிக்கணக்கில் அளப்பார்கள். சாதாரணக் கலவையில் சிபிடியை இப்படிப் பூசினால் பெரும்பங்கு தோலின் மேலும் அந்த இறந்த ஓட்டிலும் மிஞ்சும். கீழே வருவது சொற்பம். ஓடு இரண்டு முதல் நான்கு வாரத்தில் உதிர்ந்து புதிதாகும். தங்கியதில் ஒரு பகுதி அதோடு உதிர்ந்தும் போகும்.

2004இல் அமெரிக்காவின் கென்டக்கி பல்கலைக்கழகக் குழு ஒன்று மனிதத் தோலில் கஞ்சாப் பொருட்களை ஒப்பிட்டது. டிஎச்சியின் ஒரு வகையான டெல்டா-8 டிஎச்சியைவிடச் சிபிடி சுமார் பத்து மடங்கு எளிதாக ஊடுருவியது. விளம்பரங்களில் "சிபிடி தோலில் நன்றாக உறிஞ்சப்படும்" என்று வாசித்தால் இந்த மாதிரி ஒப்பீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். ஆமைகளுக்குள் வேகமான ஆமை.

இங்கே ஒரு நியாயமான எதிர்க்கேள்வி உண்டு. புற்றுநோய் வலிக்கு ஒட்டும் ஃபென்டனில் பட்டை தோல் வழியாகத்தானே வேலை செய்கிறது? அதன் மூலக்கூற்று எடை 336, சிபிடியைவிடக் கூட. உண்மைதான். ஆனால் ஃபென்டனிலுக்கு மணிக்கு 25 மைக்ரோகிராம் போதும். ஒரு நாள் முழுக்கச் சேர்த்தாலும் 0.6 மில்லிகிராம். சிபிடியை மருந்தாக அங்கீகரித்திருப்பது சில வகை வலிப்பு நோய்களுக்கு. 2018இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற எபிடியோலெக்ஸ் என்ற வாய்வழித் திரவம். அதில் தொடக்க அளவே நாளுக்குக் கிலோவுக்கு 5 மில்லிகிராம். 60 கிலோ ஆளுக்கு 300 மில்லிகிராம். வாய்வழியில் அதில் சுமார் 6 சதவீதம்தான் இரத்தத்துக்குப் போகிறது என்று கழித்தாலும் 18 மில்லிகிராம். ஃபென்டனிலைப் போல 30 மடங்கு. நிக்கொட்டின் பட்டை நாளுக்கு 21 மில்லிகிராம் வரை உள்ளே அனுப்புகிறதே என்றால், நிக்கொட்டின் சிபிடியில் பாதி எடை, நீரிலும் கொழுப்பிலும் கரையும். அது பந்தியில் முதல் வரிசையில் உட்காரும் ஆள்.

இனிப் பெரியம்மாவின் போத்தல். 50 கிராமில் 500 மில்லிகிராம் என்றால் 1 சதவீதம். முழங்காலுக்கு ஒரு தடவைக்கு 1 கிராம் எடுத்தால் 10 மில்லிகிராம் சிபிடி. அதில் 5 சதவீதம் உள்ளே போகிறது என்று தாராளமாகவே வைப்போம்: அரை மில்லிகிராம். காலையும் மாலையும் பூசினால் நாளுக்கு 1 மில்லிகிராம். அதுவும் மூட்டுக்குள் அல்ல, தோலுக்குள். தோலின் கீழ்ப்பகுதியில் ஓடும் நுண்ணிய இரத்தக் குழாய்கள் வந்ததில் ஒரு பகுதியை வாரிக்கொண்டு போய்விடும்.

களிம்பா, ஜெல்லா?

இந்த இடத்தில் நம் பாட்டி வைத்தியப் புத்தி நம்மை ஏமாற்றுகிறது. எண்ணெயில் கரையும் மருந்தை நல்ல எண்ணெயில் போட்டு நன்றாகத் தேய்த்தால் இறங்கும் என்றுதானே நினைப்போம்? சிபிடி விஷயத்தில் பெரும்பாலும் மறுவளம். தேங்காயெண்ணெய், தேன்மெழுகு, ஷியா வெண்ணெய் இவற்றுக்குள் சிபிடி சொந்த வீட்டில் இருக்கிற மாதிரி இருக்கும். அதைவிட்டுக் கிளம்பித் தோலுக்குள் போக அதற்கு ஒரு காரணமும் இல்லை. ஒரு மருந்து எந்தக் கலவையில் மிக நன்றாகக் கரைகிறதோ அந்தக் கலவையிலிருந்து வெளியே வருவதற்கு அவ்வளவு தயங்கும் என்பது பூச்சு மருந்துத் துறையின் பழைய பாடம்.

ஆல்கஹோல் ஜெல் இதற்கு நேர்மாறு. பூசியதும் ஆல்கஹோல் ஆவியாகிவிடும். கரைத்துவைத்திருந்த திரவம் குறையக் குறையச் சிபிடிக்கு இடம் நெருக்கடி ஆகும், தோலுக்குள் தள்ளப்படும். கூடவே புரொப்பிலீன் கிளைக்கோல், ட்ரான்ஸ்கியூட்டோல் போன்ற ஊடுருவல் உதவிகள் சேர்ந்தால் ஓட்டின் கொழுப்புச் சாந்து கொஞ்சம் தளரும். 2010இல் வெளிவந்த ஓர் ஆய்வில் கினிப் பன்றிகளுக்குச் சிபிடி ஜெல் பூசினார்கள். இரத்தத்தில் ஒரு மில்லிலீட்டருக்குச் சுமார் 6 நானோகிராம் அளவில் நிலைத்தது. அந்த நிலைக்கு வர சராசரி 15 மணி நேரத்துக்கு மேல். ஊடுருவல் உதவியைச் சேர்த்தபோது இரத்தத்தில் உள்ள அளவு 3.7 மடங்கானது. பூசிப் பத்து நிமிடத்தில் சுகம் தெரிகிறது என்று யாராவது சொன்னால் அந்த 15 மணி நேரத்தை நினைக்கலாம். பத்து நிமிடத்தில் தெரிவது தேய்த்த கையின் சூடு, அல்லது உள்ளே கலந்திருக்கும், குளிர்ச்சி தரும் மென்தோல் (menthol).

கிறீம் இரண்டுக்கும் இடைப்பட்டது. எண்ணெயும் நீரும் கலந்த பால் மாதிரி. நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. மூடியைப் பார்த்துச் சொல்ல முடியாது. களிம்புக்கு ஆதரவாகவும் ஒன்று சொல்ல வேண்டும்: கொழுப்புப் படை தோலின் ஈரத்தை ஆவியாக விடாது, ஈரமான ஓடு கொஞ்சம் இளகும். அதனால் ஊடுருவல் ஓரளவு கூடும். முழு வித்தியாசத்தையும் ஈடுகட்ட அது போதாது என்பது என் அபிப்பிராயம்.

சரி, நல்ல ஜெல் ஒன்றே கிடைத்தது என்று வைப்போம். மூட்டு நோ குறையுமா?

எலிகளில் குறைந்தது. 2016இல் வந்த ஆய்வு அது: முழங்கால் மூட்டில் அழற்சி உண்டாக்கிய எலிகளுக்கு நான்கு நாட்கள் சிபிடி ஜெல். நாளுக்கு 6.2 மில்லிகிராம் பூசியவற்றில் வீக்கமும் வலிக்கான அறிகுறிகளும் குறைந்தன. பத்து மடங்கு கூட்டி 62 மில்லிகிராம் பூசியபோது மேலதிகப் பலன் இல்லை. இணையத்தில் சிபிடி களிம்பு விற்பவர்கள் மிக அதிகம் காட்டுவது இந்த ஆய்வைத்தான். ஆனால் எலித் தோல் மனிதத் தோலைவிட எளிதில் விடும். அப்புறம் ஓர் எலி கால் கிலோ. கிலோவுக்கு 25 மில்லிகிராம் ஆகிறது. மிருகத்திலிருந்து மனிதனுக்கு அளவு மாற்றும்போது மருந்தியலில் போடும் திருத்தத்தைப் போட்டாலும் 60 கிலோ ஆளுக்கு நாளொன்றுக்கு 240 மில்லிகிராம் வரும். பெரியம்மாவின் போத்தல் இரண்டு நாளில் காலி.

அந்த அளவை மனிதரில் முயன்றும் பார்த்துவிட்டார்கள். ஸைனெர்பா என்ற அமெரிக்க நிறுவனம் ஆய்வுகூடத்தில் செய்த சிபிடியை 4.2 சதவீத ஜெல்லாக்கி, முழங்கால் தேய்வு உள்ள 320 பேருக்கு 12 வாரம் கொடுத்துச் சோதித்தது. நாளுக்கு 250 அல்லது 500 மில்லிகிராம். மற்றவர்களுக்கு மருந்தில்லாத ஜெல். 2017இல் முடிவு வந்தது. வாராந்தர சராசரியில் மிக மோசமான வலி எவ்வளவு குறைந்தது என்பதே பிரதான அளவுகோல். அதில் மருந்து ஜெல் வெற்று ஜெல்லை வெல்லவில்லை. தோலைத் தாண்ட வைப்பதற்கென்றே வடிவமைத்த ஜெல், கடைப் போத்தலைவிட நான்கு மடங்கு செறிவு, மூன்று மாதம். இதற்குப் பிறகு 1 சதவீதக் களிம்பு முழங்காலைக் குணமாக்கும் என்று நம்ப எனக்குத் துணிவில்லை.

பட்டையும் வாய் எண்ணெயும்

ஒட்டும் பட்டை உண்மையிலேயே தோலைத் தாண்ட வைக்கும் முயற்சி. பல மணி நேரம் தோலை மூடி வைத்திருக்கும். வியர்வை வெளியே போகாமல் ஓடு ஊறும். மருந்து துடைபட்டுப் போகாது. ஊடுருவலில் களிம்பைவிட இதற்கு மேல்நிலை உண்டு. ஆனால் அதை நோகிற இடத்தில் ஒட்டுவதில்லை, மணிக்கட்டின் உட்புறம் மாதிரி மெல்லிய தோலில் ஒட்டுவார்கள். நோக்கம் இரத்தத்தில் சேர்ப்பது. இரத்தத்தில் சேர்ந்த பிறகு அது முழங்காலுக்கு மட்டும் போகும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை. ஆக, பட்டை என்பது வாய்வழி எண்ணெயின் போட்டியாளர். விழுங்கிய மருந்தை ஈரல் முதலில் வடிகட்டிவிடுவதைத் தவிர்ப்பது அதன் லாபம்.

அப்படியானால் கேட்க வேண்டியது: சிபிடி இரத்தத்தில் தாராளமாக இருந்தால் மூட்டு நோ குறைகிறதா? இதற்குப் பதில் வந்துவிட்டது. வியன்னாவில் முழங்கால் தேய்வு உள்ள 86 பேரைச் சேர்த்து, பரசிட்டமோலோடு நாளுக்கு 600 மில்லிகிராம் வரை சிபிடி வாய்வழியாகக் கொடுத்தார்கள். 2023இல் வெளியான முடிவு, வெற்று மாத்திரையைவிடப் பலன் இல்லை. டென்மார்க்கில் கைமூட்டுத் தேய்வோ சொரியாசிஸ் மூட்டுவாதமோ உள்ள 136 பேருக்கு 20 முதல் 30 மில்லிகிராம் 12 வாரம். அதிலும் வித்தியாசம் இல்லை. வழியை எவ்வளவு திருத்தினாலும் போய்ச் சேர்கிற ஆள் வேலை செய்யவில்லை என்றால் பட்டைக்குக் கூடுதலாகக் கொடுத்த காசு எதற்கு?

வாய்வழிக்கு இன்னொரு கவலை. கொழுப்புச் சாப்பாட்டோடு எடுத்தால் எபிடியோலெக்ஸ் நான்கு மடங்கு அதிகமாக உடம்பில் சேர்கிறது. வெறும் தேத்தண்ணியோடு எடுத்த நாளும் ஆட்டிறைச்சிக் கறியோடு எடுத்த நாளும் ஒரே அளவு அல்ல. வார்ஃபரின் போன்ற இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து எடுப்பவர்களுக்குச் சிபிடி அந்த மருந்தின் வேலையைக் கூட்டிவிடலாம். ஈரல் பாதிப்பைக் காட்டும் நொதிகளும் இரத்தத்தில் ஏறலாம். எங்கள் வயதானவர்களின் மாத்திரைப் பெட்டியில் ஏழு நாளுக்கும் ஏழு அறை இருக்கும். அதற்குள் டொக்டரிடம் சொல்லாமல் இதையும் சேர்ப்பது சரியில்லை. பூசும் களிம்பில் இந்தப் பயம் குறைவு. உள்ளே போகாதது இங்கே நன்மையாகிறது.

என் வாதத்துக்கு எதிராக இரண்டு சின்ன ஆய்வுகள்

நான் இதுவரை சொன்னதை மட்டும் வாசித்துவிட்டுப் போனால் அநியாயம். அமெரிக்காவின் வர்ஜினியா பல்கலைக்கழகத்தில் கைப் பெருவிரலின் அடிமூட்டுத் தேய்வு உள்ள 18 பேர் ஓர் ஆய்வில் சேர்ந்தார்கள், 2022இல் வெளிவந்தது. ஒரு மில்லிலீட்டருக்கு 6.2 மில்லிகிராம் சிபிடி, அதுவும் ஷியா வெண்ணெயில் கலந்தது, நாளுக்கு இரண்டு தடவை, இரண்டு வாரம். வெறும் ஷியா வெண்ணெயைவிட வலி நன்றாகவே குறைந்தது. எண்ணெயில் கிடந்தால் வெளியே வராது என்று மேலே எழுதியவன் இதற்கு என்ன சொல்வான்? பெருவிரல் மூட்டு தோலுக்கு மிக அருகே இருக்கிறது, முழங்கால் மாதிரி ஆழத்தில் இல்லை. தோலில் உள்ள நரம்பு நுனிகளிலேயே ஏதாவது நடந்தாலும் நடக்கலாம். அதற்கு ஆழமாகப் போக வேண்டிய தேவையில்லை. அல்லது 18 பேரில் அதிர்ஷ்டமும் கலந்திருக்கலாம்.

இரண்டாவது, கால் நரம்பு எரிவுள்ள 29 பேர், நான்கு வாரம், 2020. அதிலும் சிபிடி எண்ணெய் பூசியவர்களுக்குக் கடும் வலியும் குத்தலும் குறைந்தன. சீனி வருத்தம் அதிகமுள்ள எங்கள் சனத்துக்கு இது கவனிக்க வேண்டிய செய்தி. ஆனால் உள்ளங்கால் உடம்பிலேயே மிகக் குறைவாக உறிஞ்சும் இடங்களில் ஒன்று. 1967இல் ஃபெல்ட்மன், மெய்பாக் என்ற இருவர் ஹைட்ரோகோர்ட்டிசோன் என்ற மருந்தை உடம்பின் பல இடங்களில் பூசி அளந்தார்கள். முன்கையின் உட்புறத்தை 1 என்று வைத்தால் உள்ளங்கால் 0.14, கணுக்கால் 0.42, முதுகு 1.7, நெற்றி 6, தாடை 13. விதைப்பைதான் முதலிடம், 42. (நோகாத இடத்தில் பூசிப் பார்க்க வேண்டாம்.) சிபிடிக்கு இதே எண்கள் அப்படியே பொருந்தாது, வரிசை ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும். காலெரிவுக்குப் பூச நினைப்பவர்கள் உள்ளங்காலைவிடப் பாதத்தின் மேற்பக்கத்தைத் தேர்ந்தெடுக்கலாம். புண்ணோ வெடிப்போ இருந்தால் எதையும் பூசாமல் முதலில் டொக்டரிடம் காட்ட வேண்டும்.

ஃபார்மசியின் பழைய ஆள்

சிபிடி வகைகளுக்குள் மட்டும் ஒப்பிட்டுக்கொண்டிருந்தால் உண்மையான போட்டியாளர் கண்ணில் படமாட்டார். அழற்சியையும் வலியையும் குறைக்கும் டைக்ளோஃபெனாக் ஜெல், வோல்ட்டரென் என்றால் எல்லோருக்கும் தெரியும். இங்கே மருந்துச் சீட்டில்லாமல் கிடைக்கும். அதன் மூலக்கூற்று எடை 296, சிபிடிக்குக் கிட்டத்தான். தோலைத் தாண்டுவதிலும் அது பெரிய வீரன் இல்லை: முழங்காலில் 4 கிராம் வீதம் நாளுக்கு நான்கு தடவை பூசினால் மாத்திரை எடுப்பவரின் இரத்தத்தில் சேர்வதில் சராசரி 6 சதவீதம்தான் சேர்கிறது. அந்தக் கொஞ்சமே போதும். வயிறும் சிறுநீரகமும் படும் பாடு அந்த அளவுக்குக் குறையும்.

எவ்வளவு பலன்? பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த கொக்ரேன் மதிப்பாய்வில், 6 முதல் 12 வாரம் டைக்ளோஃபெனாக் அல்லது அதே வகை மருந்தான கீட்டோபுரொஃபென் பூசிய பத்துப் பேரில் ஆறு பேருக்கு நல்ல சுகம். மருந்தில்லாத வெறும் ஜெல் பூசிய பத்துப் பேரில் ஐந்து பேருக்கும் நல்ல சுகம்! இந்த இரண்டாவது எண்ணை இரண்டு தடவை வாசியுங்கள். நோகிற இடத்தில் எதையாவது அக்கறையோடு தேய்த்தாலே பாதிப் பேருக்குச் சுகம் தெரிகிறது. "எனக்குச் சிபிடி கேட்டது" என்று பக்கத்து வீட்டு அன்ரி சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை. அந்தச் சுகம் சிபிடியால் வந்ததா என்று அதை வைத்துச் சொல்ல முடியாது, அவ்வளவுதான்.

ஆறுக்கும் ஐந்துக்கும் உள்ள வித்தியாசம் சின்னது. ஆனாலும் பெரிய ஆய்வுகளில் திரும்பத் திரும்ப நின்ற வித்தியாசம். அமெரிக்க வாதநோய்க் கல்லூரியின் 2019 வழிகாட்டுதல் முழங்கால் தேய்வுக்கு இந்தப் பூச்சு வகையை உறுதியாகப் பரிந்துரைக்கிறது. பலர் செய்யும் பிழை, பட்டாணி அளவு எடுத்துத் தடவிவிட்டுக் கேட்கவில்லை என்பது. பெட்டியில் சொன்ன அளவைச் சொன்ன தடவைகள், சில வாரம் பூச வேண்டும். சிறுநீரகக் கோளாறு, இருதய நோய், வயிற்றுப் புண், இரத்தம் உறையாமல் வைக்கும் மருந்து இருந்தால் பூசுவதற்கும் முன்பு ஃபார்மசிஸ்ட்டைக் கேளுங்கள்.

மிளகாயின் கப்சைசின் கிறீமும் உண்டு. முதல் வாரம் எரியும், பிறகு நரம்பு நுனி சோர்ந்துபோய் நோ குறையும். பேரப்பிள்ளையைத் தூக்குபவர்களுக்கு நான் சொல்லமாட்டேன். கையில் ஒட்டியது பிள்ளையின் கண்ணுக்குப் போனால் வீடே இரண்டுபடும்.

லேபிளும் எல்லையும்

அமெரிக்காவில் பூசும் சிபிடி எதற்கும் உணவு மருந்து நிர்வாகத்தின் மருந்து அங்கீகாரம் இல்லை. ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் ஆய்வாளர்கள் அங்குள்ள பூச்சு வகைகளை வாங்கிச் சோதித்து 2022இல் வெளியிட்டார்கள். சிபிடி அளவு குறிப்பிட்டிருந்த 89இல் 24 சதவீதம்தான் சரியான அளவு. 58 சதவீதத்தில் சொன்னதைவிடக் கூட, 18 சதவீதத்தில் குறைய. சோதித்த 105இல் 37இல் டிஎச்சியும் இருந்தது. எல்லைக்கு அந்தப் பக்கம் மலிவு என்று வாங்க நினைப்பவர்களுக்கு இதுவும் ஒரு கணக்கு. அதோடு, சிபிடி மட்டுமே உள்ள களிம்பானாலும் கனடாவிலிருந்து வெளியே கொண்டுபோவதும் உள்ளே கொண்டுவருவதும் சட்டவிரோதம். கொழும்புக்கோ சென்னைக்கோ பெட்டி கட்டும்போது இதை எடுத்து வெளியே வையுங்கள்.

வாங்குகிறவர்கள் மூன்று விஷயம் பார்த்தால் போதும். மொத்த மில்லிகிராமைக் கிராமால் வகுத்து, வந்ததைப் பத்தால் வகுத்துச் சதவீதம் எடுங்கள். பெரிய போத்தலில் 500 என்று எழுதினால் பெரிதாகத் தெரியும், 250 கிராமுக்கு அது வெறும் 0.2 சதவீதம். சேர்பொருட்களில் மென்தோல், கற்பூரம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் உடனே தெரியும் குளிர்ச்சி அவற்றுடையது, அதே குளிர்ச்சி சித்தாலேபவில் மிக மலிவு. மூன்றாவது, டிஎச்சி அளவு.

என் முடிவு இப்படி: முழங்காலுக்கு டைக்ளோஃபெனாக் ஜெல், அது கூடாதவர்களுக்கு டொக்டர் சொல்வது. பெருவிரல், விரல் மூட்டுக்குச் சிபிடி களிம்பை ஒரு மாதம் முயன்று பார்க்கலாம், காசு இருந்தால். தோலிலேயே உள்ள வரட்சிக்கும் அரிப்புக்கும் ஆழமாகப் போக வேண்டிய பிரச்சினையே இல்லை. அங்கே களிம்பின் கொழுப்பே பாதி வேலையைச் செய்துவிடும். பட்டைக்கும் வாய் எண்ணெய்க்கும் மூட்டு நோவுக்காக நான் காசு கொடுக்கமாட்டேன்.

இவ்வளவையும் பெரியம்மாவிடம் சொன்னபோது அவர் கேட்டது ஒன்றைத்தான்.

"அப்ப அவள் தந்த போத்தலை என்ன செய்யிறது? கேட்டால் என்ன சொல்லுறது?"

இப்போது முழங்காலுக்கு ஃபார்மசி ஜெல் பூசுகிறார். மார்கழிக் குளிரில் வெடித்துக்கிடந்த முழங்கைகளுக்கு அந்தக் களிம்பு. அதில் இருந்த ஷியா வெண்ணெயால் முழங்கை பளபளவென்று இருக்கிறது. அண்ணி வந்து கேட்டபோது, "பூசுறன் பிள்ளை, நல்லாய்க் கேக்குது" என்றார். எந்த இடத்துக்கு என்று அவர் சொல்லவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை.